கன்னி மூலைச் சுவர்

என் கணவர் ஆர்க்கிடெக்ட். இந்த ஊரில் அந்த வார்த்தை யார் வாயிலும் நுழையவில்லை. கடைசிவரை எல்லாருக்கும் அவர் "இன்ஜினியர் சார்"தான். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டும் வேறு வேறு என்று ஒருநாள் எனக்கு விளக்க ஆரம்பித்தார். அடுப்பில் பால் பொங்கியது, நான் ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் விளக்கவே இல்லை.

வீடு கட்ட வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "வீட்ல சமைக்கிறது யாருங்க?" என்றுதான். கலெக்டர் ஆபீஸில் பெரிய உத்தியோகமாக இருந்தாலும் சரி, சமைக்கிற அம்மாவைக் கூட்டிவரச் சொல்வார். அந்த அம்மாவின் உயரத்துக்குத்தான் அடுப்பு மேடை. அடுத்தது மலை. வீட்டில் ஓர் இடத்திலாவது உட்கார்ந்தபடியே மலை தெரிய வேண்டும். எங்களுக்கு மலைதான் சாமி. "சாமி தெரியாத வீட்டுக்கு நான் பிளான் போட மாட்டேங்க" என்பார். வரைந்து முடித்ததும் தாளின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பார். பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு விடியலில் கிளம்பி, செருப்பில்லாமல் மலையைச் சுற்றிவிட்டு, பிள்ளை ஸ்கூலுக்குப் போவதற்குள் வந்து நிற்பார். பையை அவர்தான் மாட்டிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவர் வேங்கிக்காலில் எங்களுக்கென்று கட்டிய வீட்டில், எந்த அறையில் நின்றாலும் மலை தெரியாது. காரணம் நான்.

எங்கள் மனையிலிருந்து பார்த்தால் மலை தென்மேற்கில் இருக்கிறது. வீட்டுக்குத் தென்மேற்கு, கன்னி மூலை. அதைத் திறந்து வைக்கக் கூடாது, கனமாக மூடி வைக்க வேண்டும் என்பது வாஸ்து. அவரோ அந்த மூலைப் படுக்கையறையில் கட்டிலுக்கு நேரே அகலமாக ஒரு ஜன்னல் வரைந்திருந்தார். சுவர் இடுப்பளவு எழும்பியபோது கீழ்பென்னாத்தூரிலிருந்து என் பெரியப்பா வந்தார். வேர்க்கடலை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு சுற்று சுற்றினார். "கன்னி மூலையில ஓட்டையா? ஆம்பளைக்கு ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டு, பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. நான் சோற்றில் கை வைக்கவில்லை.

"அந்தப் பக்கம் நிக்கிறது அண்ணாமலையாரு. அவரால எனக்குக் கெடுதல் வருமா?" என்று என் கணவர் கேட்டார்.

"வருமோ வராதோ, எனக்கு பயமா இருக்குங்க."

"பயமா இருக்கா? சரி" என்றார். அவ்வளவுதான். சாஸ்திரம் பேசியிருந்தால் நானும் ஜாஸ்தியாகப் பேசியிருப்பேன். பயம் என்றதும் அவர் பிளானைச் சுருட்டிக்கொண்டு மேஸ்திரியிடம் போய்விட்டார். சுவர் எழும்பியது, ஜன்னல் இல்லாமல்.

ஊர் சும்மா இருக்குமா? ஊருக்கெல்லாம் மலையைக் காட்டுகிறவர் வீட்டில் மொட்டைச் சுவரா என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்கு கிளையண்ட் அவங்கதாங்க. அவங்க கேட்டத கட்டினேன்" என்பார். தினமும் காலையில் இரண்டு டம்ளர் காபியோடு மொட்டை மாடிக்குப் போவோம். மலையைப் பார்த்தபடி குடிப்போம். அந்தக் காலைகளுக்கு நான் எந்தக் கோயிலில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், மாரடைப்பில் போய்விட்டார். சுவர் மூடினபடியேதான் இருந்தது.

போன ஆடியில் குளியலறையில் விழுந்து எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று, இனி படியேற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலில் கிடந்தால் எதிரே அந்தச் சுவர்தான். மகன் ஜன்னல் வைக்கலாம் என்றான். "இந்த வீட்டு ஆம்பளை இப்ப நீதான்டா, வாயை மூடு" என்று கத்தினேன். மூடிய சுவர் அவரைக் காப்பாற்றவில்லையே என்று எனக்கும் தெரியும். ஆனால் பயம் வந்தால் எனக்கு நியாயம் புரியாது. மருமகள் தினம் மாடிக்குப் போய் மலையை போனில் படம் எடுத்து வந்து, "பாருங்க அத்தை" என்று காட்டுவாள். நல்ல பெண். எனக்குத்தான் அழுகை வரும்.

ஐப்பசி மழையில் அந்தச் சுவரில் ஈரம் இறங்கி, பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. அவரிடம் அந்த நாளிலிருந்து வேலை செய்த மேஸ்திரி வந்து பூச்சைத் தட்டினார். நான் அறை வாசற்படி ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தேன். பூச்சு விழுந்ததும் பார்த்தேன். செங்கல் ஒன்றோடொன்று பின்னாமல், இரண்டு பக்கமும் இணைப்பு நேர்க்கோடாக இறங்கியிருந்தது. மேலே ஜன்னலுக்குப் போடுகிற சிமென்ட் லிண்டல்.

"என்ன மேஸ்திரி இது?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஜன்னல்தாம்மா. நடுவுல இருக்கிற கல்லு சும்மா அடைச்சது. 'அவங்களுக்கு பயம் போச்சுன்னா ஒரே நாள்ல எடுக்கிற மாதிரி வை, அவங்ககிட்ட சொல்லாதே'ன்னாரு சார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹாலில் இருந்த அவர் படத்தைப் பார்த்து, "இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். மகன் ஓடி வந்தான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இன்னும் பயமாகத்தான் இருக்கிறது என்றுதான். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்காமல், காபி டம்ளரைத் தூக்கிக்கொண்டு தினமும் மாடி ஏறினார். எனக்காக இவ்வளவு பொறுமையாக யாரும் காத்திருந்ததில்லை.

"எடுத்துடுங்க மேஸ்திரி" என்றேன்.

மத்தியானத்துக்குள் கல்லெல்லாம் வெளியே வந்துவிட்டது. மருமகள் என்னைக் கட்டிலில் உட்கார வைத்தாள். மழை விட்டிருந்தது. மலை முழுசாகத் தெரிந்தது. மகன் அந்தத் திறப்பில் போய் நின்றான். தள்ளிப் போடா என்று வாய்வரை வந்துவிட்டது. மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "இவனைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். பயம் போகவில்லை. பயத்தோடுதான் திறக்கச் சொன்னேன்.