டிங்சர் வாடை

மலாக்கா மருந்துக்கடையில் டிங்சர் வாடை வந்தால், இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்ட மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டும், பாலுக்கு மரம் சீவிய நேரம் போக இளைஞர்களைச் சேர்த்துக் காயம் கட்டப் பழக்கிய செல்லக்கண்ணு அண்ணனும் நினைவுக்கு வருகிறார்கள். அவர் தொடங்கிய தொண்டர் சங்கத்துக்காக, லயத்து வரிசை வீடுகளின் கொடிகளில், கட்டுப்போடக் கிழித்து வெந்நீரில் அலசிய வேட்டித் துண்டுகள் காய்ந்துகொண்டே இருக்கும்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளையும் அவர்களுக்கு உதவியவர்களையும் வெள்ளைக்கார அரசு வேட்டையாடிய அவசரகாலம். லயத்தைச் சுற்றி முள்வேலி. ஒரு காலை ரப்பர் காட்டில் குண்டடிபட்ட சீனர் ஒருவர் கிடந்தார்.

“யாருன்னு கேக்க வேணாமாண்ணே?” என்றாளாம் என் அக்கா.

“ரத்தம் ஓடுதும்மா. மொதல்ல கட்டு லா.”

அக்காதான் கட்டினாள். மறுநாள் அந்தச் சீனர் கட்டோடு பிடிபட்டார். போலீஸ் எங்களை வெயிலில் நிறுத்திக் கட்டியது யாரென்று கேட்டபோது, “நான் ஒருத்தன்தான்” என்று அண்ணன் முன்னால் போனார். கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்தவரை, முகம் தெரியாத இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

சில மாதம் கழித்து, கத்தி வழுக்கிக் கால் பிளந்த ஒருவர் லயத்து வாசலில் விழுந்து அலறினார். அண்ணனிடம் பழகியவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். யாரும் குனியவில்லை. அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.