நாற்பதாயிரம் பேர் வந்த கதவுக் கம்பெனி

கதவு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர், முதலாளியின் வலைத்தளத்தைத் தானே நாற்பதாயிரம் தடவை திறந்து பார்த்துவிட்டு, கூட்டம் அலைமோதுகிறது என்று கணக்குக் காட்டினாராம். கையும் களவுமாகப் பிடித்து அனுப்பிவிட்டார்களாம். சலூனில் கேள்விப்பட்டேன். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோதும் கேள்விப்பட்டேன். டாக்டர் கணக்கில் அத்தனையும் ஒரே நாளில் நடந்தது. அப்படியானால் இரண்டு நொடிக்கு ஒரு தடவை, சோறு தண்ணி இல்லாமல், கண் மூடாமல். அவ்வளவு சுறுசுறுப்பான ஆளை எந்த முதலாளியும் வீட்டுக்கு அனுப்பமாட்டான். சந்தேகம் வந்தது. ஆளைத் தேடிக் கிளம்பினேன்.

ஒல்லி உடம்பு. ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தபோது வேலை போயிருக்கிறது. தெருவில் அவருக்கு இப்போது பெயர் 'நாற்பதாயிரம்'. மளிகைக் கடைக்காரரே, "வாங்க நாப்பதாயிரம், எத்தன கிலோ?" என்றுதான் வரவேற்கிறார். இவரும் எத்தனை கிலோ என்று சொல்லி வாங்கிக்கொண்டு போகிறார்.

இருபத்திரண்டு வருடம் அவர் கதவுகளின் முதுகில் சாக்பீஸால் நீளம் அகலம் எழுதி லாரி ஏற்றியவர். லாரி வேலையை வெளியாளிடம் கொடுத்தபோது இவர் மிச்சமாகிப்போனார். மிச்சமானவருக்கு முதலாளி வலைத்தளத்தைக் கொடுத்தார். வேலை இதுதான்: தளத்தைப் பராமரிப்பவர்கள் வாரா வாரம் அனுப்பும் அறிக்கையைத் திறப்பது, முதல் வரியில் இருக்கும் எண்ணைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிப்பது. முதல் வரியில் 'ஹிட்ஸ்' என்று போட்டிருக்கும். எதிரே நாற்பதாயிரம், சில வாரம் கொஞ்சம் கூட.

"நாப்பதாயிரம் பேரு!" என்பார் முதலாளி. எல்லோரும் கை தட்டுவார்கள். இவரும் தட்டுவார். மூன்று வருடம் தட்டினார்கள்.

வினை கடைசியில் ஒரு ஷோரூம் ரூபத்தில் வந்தது. "எந்த ஊர்லேர்ந்து அதிகமா வர்றாங்கன்னு பாத்துச் சொல்லுங்க. அங்கயே கடையப் போட்டுருவோம்" என்றார் முதலாளி. இவர் நிஜமாகவே பார்த்தார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

பராமரிப்பாளருக்குப் போன் போட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்து படித்து, சொல் சொல்லாகப் புரிந்துகொண்டார். எனக்கும் கதவுக்காரர் பாஷையிலேயே விளக்கினார். "கடைக்கு ஒருத்தர் வர்றாருன்னு வைங்க. அவரோட தலை ஒண்ணு, கை ரெண்டு, கால் ரெண்டு, சட்டைப் பொத்தான் ஏழுன்னு தனித்தனியா எண்ணினா, அது ஹிட்டு. நம்ம முதல் பக்கத்துல நாப்பத்தொம்பது கதவுப் படம். பக்கத்தோட சேத்து அம்பது. யாரு ஒரு தடவ தொறந்தாலும் அம்பது ஹிட்டு."

ஆக நாற்பதாயிரம் ஹிட் என்பது எண்ணூறு பேஜ் வியூ. பக்கம் எண்ணூறு தடவை திறந்திருக்கிறது, அவ்வளவே. திறந்தது யார்? ஆபீஸில் கம்ப்யூட்டர்கள் பதினொன்று. எதைத் திறந்தாலும் முதலில் நம் கதவுதான் வரவேண்டும் என்று முதலாளியே உத்தரவு போட்டிருந்தார். டீ குடித்துவிட்டு வந்தால் ஒரு தடவை, பிரவுசர் மக்கர் பண்ணினால் ஒரு தடவை. இது போக முதலாளியின் செல்போன் வாரத்துக்கு அறுபது முறை. அறிக்கையில் அதற்கு 'மீண்டும் வரும் பார்வையாளர்' என்று மரியாதையான பெயர். எல்லாம் கழித்து, வெளியிலிருந்து வந்த ஆட்கள் ஐந்து பேர். நாலு பேர் முதல் பக்கத்தோடு ஓட்டம். அதற்குப் பெயர் பவுன்ஸ். ஐந்தாவது ஆள் இவருடைய மனைவி.

"ஏம்மா தினமும் பாத்த?" என்று கேட்டாராம்.

"நீங்க போறேன் போறேன்னு கெளம்புறீங்களே, அப்படி ஒரு கம்பெனி இருக்கான்னு பாத்தேன்" என்றாராம் அம்மணி.

அந்தத் திங்கட்கிழமை ஷோரூமுக்கு இடம் காட்டும் தரகரும் கூட்டத்தில் இருந்தார்.

"சொல்லுங்க, எந்த ஊரு?"

"நம்ம ஊருதான் சார்."

"நம்ம ஊர்ல எந்தப் பக்கம்?"

"இந்தக் கட்டடம் சார். ரெண்டாவது மாடி."

யாரும் சிரிக்கவில்லை. இவர் நிறுத்தியிருக்கலாம். படித்ததை ஒப்பித்துவிடும் வேகத்தில், வெளியாட்களில் பவுன்ஸ் ரேட் எண்பது சதவீதம் என்றும் சொன்னார்.

"எம்பதா? அது டிஸ்டிங்ஷன்யா!" என்றார் முதலாளி, பிடிமானம் கிடைத்த குரலில்.

"இல்ல சார். நூத்துக்கு எம்பது பேரு வாசல்ல எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம்."

தரகர் இருமினார். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முதலாளியின் முகம் சுண்டியது. "அப்ப மூணு வருஷமா என்கிட்ட பொய்க் கணக்கா வாசிச்ச?" என்றார். அன்று மாலைக்குள் வேலை போனது. மறுநாளுக்குள் இவரே நாற்பதாயிரம் தடவை திறந்தார் என்ற கதை ஊருக்குள் போனது. அனுப்பி வைத்தவர் முதலாளிதான். கை தட்டியவர்கள் சுமந்து போனார்கள்.

மருந்துக் கிடங்கு ஒன்றில் இவருக்கு வேலை தயாராக இருக்கிறது. இருபத்தைந்து வருடம் ஒழுங்காக வேலை பார்த்தார் என்று பழைய இடத்திலிருந்து சான்றிதழ் வேண்டும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள். நான்கு முறை போய்க் கேட்டுவிட்டார். "நீங்க ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்" என்றார் என்னிடம்.

கேட்கப் போனேன். முதலாளி உற்சாகமாக இருந்தார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "இப்ப நெஜமாவே ஆளு வருது சார். ரெண்டாயிரத்து முன்னூறு பேரு. அத்தனயும் வெளி ஆளு, ஒருத்தர ஒரு தடவதான் எண்ணினது. யூனிக்கு சார், யூனிக்கு!"

'எங்கள் குழு' என்ற பக்கம். அதில் நம்மவரின் படம், கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையோடு. வதந்தியைக் கேட்டவர்கள் எல்லாம் அந்த மூஞ்சியைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். சிலர் அப்படியே கதவும் வாங்கியிருக்கிறார்கள்.

"படத்த எடுத்துட்டு, அவருக்கு ஒரு சான்றிதழ் குடுத்துடலாமே?" என்றேன்.

"குடுத்தா நல்லவன்னு எழுதணும். நல்லவன்னு தெரிஞ்சா எவன் சார் வந்து பாப்பான்?"

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். அவர் "ரெண்டாயிரத்து முன்னூறு ஆளா, ஹிட்டா?" என்று கேட்டார்.

"ஆள்தான்" என்றேன்.

"அப்ப தரமாட்டாரு" என்றார்.

ஒரு தாள், நாலு வரி, ஒரு கையெழுத்து. கம்பெனி அவருக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது.