அமாவாசைக்கு முடிச்சு கிடையாது

ஈரப் பட்டு நூலுக்கு ஒரு வாசனை உண்டு. விரலால் திரித்தால் நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். சோறு சாப்பிடும்போதும் அந்த வாசனைதான் வரும்...

இதை எழுதும்போதும் விரலை ஒரு தடவை மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. செல்போன் கண்ணாடிக்கு ஏது வாசனை!

ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை நானே சொல்லியாக வேண்டும்.

அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வாக்கில் இருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஏரிக்கரை ஆரம்பிக்கும். சாயங்காலம் தறியை விட்டு இறங்கினதும் நேராக அங்கேதான் போய்க் குளிப்பேன். மதகுக்குப் பக்கத்தில் ஒரு அளவுக் கல் நிற்கும். அதில் கோடு கோடாக வெட்டியிருக்கும்.

ஏரியைப் பார்த்துக்கொண்ட ஓவர்சியர் தெற்கத்திக்காரர். தினமும் எத்தனை கோடு தண்ணீரில் முழுகியிருக்கிறது என்று பார்த்து வைக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். எனக்கு எழுதத் தெரியாது என்றேன். எப்படியாவது வைத்துக்கொள் என்று சிரித்துவிட்டுப் போனார்.

தறிக்காரன் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? வீணாகப் போகிற பட்டு நூலில் நாளுக்கு ஒன்று எடுத்தேன். எத்தனை கோடு முழுகியிருக்கிறதோ அத்தனை முடிச்சு. ஒரு கயிற்றில் வரிசையாகக் கட்டித் தறிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள்... பார்க்க ஏதோ கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி இருக்கும்!

மாசம் முடிந்ததும் ஓவர்சியர் வந்து, தை முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு நூலாக எண்ணி எழுதிக்கொண்டு போனார்.

அங்கேதான் வினை வந்தது.

அந்த வருஷம் தண்ணீர் குறைவு. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் மதகு திறக்க வேண்டும் என்று ஊரில் கட்டு. சாவி முனுசாமியிடம் இருந்தது. என் வயசுக்காரன், நல்ல பழக்கம். அவன் அப்பா காலத்திலிருந்து மதகு அவர்கள் வீட்டுப் பொறுப்பு. ஓவர்சியர் கணக்கிலோ திங்கட்கிழமையே தண்ணீர் இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரமும் திங்கள்தான். கடைமடையில் பயிர் காய்ந்துகொண்டிருந்த நேரம். மச்சான் நிலத்துக்காக முனுசாமி முன்னாடியே மதகைத் தூக்கிவிட்டான் என்று பேச்சாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே கரையில் கூடி சாவியைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுப்பதாக முடிவு.

மத்தியானம் ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். பின்னாலேயே முனுசாமி. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னாபா, உன் நூலே எனக்குத் தூக்குக் கயிறா வந்துடும் போலக்குதே" என்றான்.

திரும்பவும் எண்ணினோம். நான் முடிச்சைச் சொல்ல, ஓவர்சியர் தேதியைச் சொல்ல, மறுபடியும் திங்களில் வந்துதான் நின்றது. கடைசித் தேதிக்கு மட்டும் நூல் இல்லை. அன்றைக்கு நான் கட்ட மறந்திருப்பேன் என்று போன தடவையே விட்டுவிட்டாராம்.

என் வீட்டுக்காரி ராஜாமணி மூலையில் ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை ஓவர்சியர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே "அமாவாசை, ஏழு முடிச்சு" என்று படித்தாரோ இல்லையோ, ராட்டை நின்றுவிட்டது.

"அமாவாசைக்கு ஏதுங்க முடிச்சு? அன்னிக்கு நூலையே தொடமாட்டோமே."

ஓவர்சியர் அவளையே பார்த்தார். "ஏன்மா, அன்னைக்குத் தறி ஓடாதா?"

"இந்த ஊர்ல யார் வூட்டுல ஓடுது? இவரு அன்னிக்கு ஏரிப் பக்கமே போகமாட்டாரு. வெள்ள வேட்டி கட்டிக்கினு கோயிலுக்குல்ல போவாரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! தெருவுக்கே தெரிந்த விஷயம். தெரிந்ததாலேயே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நூல் இல்லாத நாள் ஒன்று நடுவில் இருப்பது தெரியாமல், மறுநாள் நூலை இழுத்து அமாவாசையில் போட்டிருக்கிறார். அதிலிருந்து எல்லாம் ஒரு நாள் முன்னால் நகர்ந்து, செவ்வாயெல்லாம் திங்களாகிவிட்டது!

தரையில் உட்கார்ந்து, அமாவாசையிலிருந்து எல்லா நூலையும் ஒவ்வொன்றாக மறுநாளுக்குத் தள்ளினோம். திங்கள் செவ்வாயானது. அடுத்த திங்களும் செவ்வாயானது. விட்டுப்போன கடைசித் தேதிக்கும் நூல் வந்து சேர்ந்தது. ஓவர்சியர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் முனுசாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஓவர்சியர் நோட்டில் அமாவாசைக் கட்டம் மட்டும் காலியாக நின்றது. முந்தின நாளும் ஏழு, மறுநாளும் ஏழு, நடுவில் ஏழே போட்டுவிடலாமே என்று ஓவர்சியர் பேனாவை எடுத்தார்.

முனுசாமிதான் கையைப் பிடித்தான்.

"வாணாம் சார். பாக்காத நாள பாத்ததா எழுதித்தான் எம் மேல பழி வந்துது."

ஓவர்சியர் தலையாட்டினார். பிறகு அந்தக் கட்டத்தில் ஏதோ ஒரு சொல் எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "பார்க்கவில்லை" என்று படித்துக் காட்டினார்.

சாயங்காலம் கரையில் அவரே எழுந்து நின்று கணக்கைத் திருத்திச் சொன்னார். சாவி முனுசாமி இடுப்பிலேயே இருந்தது. அவன் கண்மூடுகிற வரைக்கும் இருந்தது.

இப்போது ஏரித் தண்ணீரை மெஷினே அளந்து அனுப்புகிறதாம். பேரன் செல்போனில் காட்டினான். மெஷினுக்கு அமாவாசை ஏது? ஆனால் அதிலும் ஒரு நாள் கட்டம் காலியாக இருந்தது... பேரனுக்கு ஏன் என்று தெரியவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்!

போன மாசம் முதியோர் வகுப்பில் டீச்சர், பிடித்த சொல் ஒன்றை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் பெயரை, சாமி பெயரை எழுதினார்கள். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு டீச்சர், "ஏன் தாத்தா, இதுவா பிடிச்ச சொல்லு?" என்று சிரித்தார்கள்.

புள்ளி வைத்த எழுத்தே மூன்று இருக்கிறது அதில். ஒன்றையும் விடவில்லை.

பார்க்கவில்லை.