ஆடு போதாத பாவம்

என் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறேன். நகைச்சுவை எழுதிப் பிழைக்க முடியாது என்பதை இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று நினைத்திருந்தேன். என் மனைவிக்கு அது கல்யாணத்துக்கு முன்பே தெரியுமாம்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் ஒரு யூதக் கிழவர் வந்து தங்கினார். இங்கேயே பிறந்து, மிளகுக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து, பிறகு இஸ்ரேலுக்குக் குடிபோனவர். இப்படி வருகிறவர்கள் வழக்கமாகப் பிறந்த வீட்டைப் படம் எடுப்பார்கள், அது கம்பளக் கடையாகியிருப்பதைப் பார்த்துக் கண்ணைத் துடைப்பார்கள், மீன் கறி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இவர் இடக்கொச்சியில் ஒரு கிழவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். முழங்கால் சரியில்லை, கூட வர முடியுமா?

ஆட்டோவில் விஷயத்தைச் சொன்னார். கிடங்கு மாடியில் ஒரு பலகை உளுத்திருந்தது. அது இவருக்குத் தெரியும். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தொழிலாளி அதில் கால் வைத்து, கீழே விழுந்து, முதுகெலும்பு உடைந்தது. கிடங்கிலேயே நடந்த விசாரணையில், அந்த ஆள் குடித்திருந்தான் என்று இவர் சொன்னார். அவன் சில வருஷம் படுக்கையில் கிடந்து செத்துப்போனான். கிழவி அவன் மனைவி.

யூதர்களின் பாவநிவாரண நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்று உபவாசம் இருந்தால், கடவுளுக்குச் செய்த பாவம் போகுமாம். மனுஷனுக்குச் செய்தது போகாது.

"எருசலேமில் கோவில் இருந்து ஆடு பலி கொடுத்த காலத்திலும் இதுதான் சட்டம்" என்றார். "ஆளைச் சமாதானப்படுத்தாம ஆட்டை வெட்டிப் பிரயோஜனம் இல்லை. மூணு தரம் போய்க் கேக்கணும்."

நான் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவன். எங்களுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு முங்கு போட்டால் போதும். கெடுதல் பண்ணிய ஆளின் வாசலுக்கே போ என்று சொல்லும் மதத்தை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். நல்லவேளை, தப்பித்தோம் என்று பட்டது.

கிழவி கத்தோலிக்கர். கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே சிலுவை. பேச்செல்லாம் மலையாளத்தில்தான் நடந்தது. என் தமிழே பாதி மலையாளம் என்பதால், இங்கே எழுதுவதில் சேதாரம் அதிகம் இருக்காது.

"முதலாளியா? நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னாங்களே."

"இல்லை சேச்சி. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கர்த்தாவு எல்லார்க்கும் வேண்டி ரத்தம் சிந்தியாச்சு. பலி ஒண்ணே ஒண்ணு, அது முடிஞ்சு போச்சு. பின்னே என் வாசல்ல எதுக்கு?"

"நான் தப்புப் பண்ணினது அவர்கிட்ட இல்லையே. உங்ககிட்ட."

அவள் சிலுவையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "சரி. அவர் மன்னிச்சுட்டார். நான் மன்னிக்கலை."

இரு மதங்களின் இறையியலும் இவ்வளவு சுருக்கமாக முடிந்து நான் எங்கும் படித்ததில்லை.

கிளம்பும்போது அவளே கூப்பிட்டாள். "குடிச்சிருந்தான்னு அங்கே எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லைன்னு அங்கேயே போய்ச் சொல்லிட்டு வாங்க. பிறகு பார்க்கலாம்."

கிழவர் முகம் தெளிந்தது. செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் யாரிடம் சொல்வது? கிடங்கு இப்போது காபிக் கடை. அங்கே போய்ப் பிரகடனம் செய்தால், ஏதோ கலை நிகழ்ச்சி என்று வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள். விசாரித்ததில், அந்த மூட்டைக்காரர்களில் ஒரே ஒருவர்தான் உயிரோடு இருந்தார். தினமும் பஜார் பக்கத்துச் சாயாக்கடையில் உட்கார்ந்திருப்பாராம்.

"என்ன சாமி, புது கிராக்கியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கிழவரை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். பழைய மரியாதை முழங்காலில் தங்கிவிடுகிறது.

கடையில் இருந்த நாலு பேர் காதிலும் விழும்படி கிழவர் சொன்னார்: "அன்னைக்கு அவன் குடிக்கலை. நான் பொய் சொன்னேன்."

பழைய மூட்டைக்காரர் சாயாவை ஊதினார். "அதுவா? அவன் சொட்டுத் தொட மாட்டான். எங்க எல்லார்க்கும் அப்பவே தெரியுமே. வாயைத் திறந்திருந்தா மறுநாள் வேலை உண்டா? இதைச் சொல்லவா இத்தனை தூரம் வந்தீங்க?"

திரும்பி இடக்கொச்சிக்கு ஆட்டோ பிடித்தோம். சொல்லியாச்சு என்று மட்டும் சொன்னால் போதும், மிச்சம் எதற்கு என்று நான் யோசனை சொன்னேன். அறிவுரை இலவசமாகக் கொடுப்பது எங்கள் குலத் தொழில். கிழவரோ, இந்த வாரத்தில் பாதி உண்மை சொல்ல மாட்டேன் என்றார்.

"சொன்னீங்களா?" என்றாள் அவள்.

"சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எல்லார்க்கும் அப்பவே தெரியும்னு சொன்னாங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எனக்குத் தெரியலையே" என்றாள். "நான் நம்பினேன். மலம் துடைக்கும்போதெல்லாம் குடிகாரான்னுதான் கூப்பிட்டேன். முதல்ல இல்லை இல்லைன்னு அழுதார். பிறகு ஒண்ணும் சொல்றதில்லை."

நாங்கள் கொண்டுவந்திருந்த பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கிழவரைப் பார்த்துக் கேட்டாள்: "பாதிரியார் அச்சன்கிட்ட பாவத்தைச் சொல்லிக் கும்பசாரிச்சா கர்த்தாவு மன்னிப்பார். அது எனக்குத் தெரியும். அந்த மனுஷன்கிட்ட எப்படிக் கேக்கறது? செத்தவங்ககிட்ட கேக்க உங்க சட்டத்துல வழி உண்டா?"

"உண்டு" என்றார் கிழவர். "பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டுக் கல்லறைக்குப் போகணும். அங்கே நின்னு, பத்துப் பேரும் கேக்க, தப்புப் பண்ணினேன்னு சத்தமாச் சொல்லணும்."

"கல்லறையா?" என்றாள். "எங்க பள்ளிக் கல்லறைத் தோட்டத்துல இடம் இல்லை முதலாளி. கொஞ்ச வருஷம் போனா, எலும்பை வாரி எல்லாரோடதையும் ஒரே கிணத்துல போட்டுடுவாங்க. அந்த மனுஷனைப் போட்டு எத்தனையோ காலம் ஆச்சு."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு அவருடைய சட்டத்தில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது.