ஆடி அமாவாசையில் மீன் குழம்பு

சிட்னியின் நார்த்மீட்டில் யோகாவைப் பிடிவாதக்காரி என்று சொல்லாத தமிழர் குறைவு. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் எப்போதோ இடிந்து விழுந்திருப்பாள். ஊரில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில், வட்டுவாகலில், அவளுடைய கணவர் சிறிதரன் இராணுவம் கொண்டுவந்து நிறுத்திய பஸ்ஸில் ஏறினார். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். அவர் ஏறியதை யோகா கண்ணால் பார்த்தாள். இறங்கியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அதன் பிறகு எத்தனை ஆணைக்குழு, எத்தனை சாட்சியம்! ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து சொல்லவேண்டும். யாராவது தலையை ஆட்டியபடி எழுதிக்கொள்வார்கள். கடைசியில் மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

"கொண்டுபோன ஆளைக் கேட்டால் கடதாசி தாறியளோ?" என்று அந்த அலுவலகத்திலேயே பொரிந்து தள்ளினாள்.

மகன் நிதுஷனைக் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்து, செவன் ஹில்ஸில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். லீவு கிடைத்தால் கணவரின் படத்தைப் பிடித்தபடி ஊர்வலங்களில் நிற்பாள். நெற்றியில் குங்குமம் இல்லாமல் அவளை யாரும் கண்டதில்லை. ஊரில், வீதியோரக் கொட்டகையில் காணாமற்போன தன் மகனைக் கேட்டுக் குந்தியிருக்கும் பவளத்தோடு ஞாயிறுதோறும் போனில் பேசுவாள். அங்கே காத்திருந்த தாய்மார் பதில் கிடைக்காமலே ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் நிதுஷன் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டான். அவன் மனைவி ஹரிப்பிரியா அப்போது பிள்ளைத்தாச்சி.

"அம்மா, இந்தமுறை ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு விரதம் பிடிக்கப் போறன்."

தகப்பனை இழந்த பிள்ளைகள் பிடிக்கிற விரதம் அது. கோயிலில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து, வீட்டில் மரக்கறிச் சமையல் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பிடவேண்டும். சிட்னியில் காகத்துக்கு வைப்பதை மக்பை என்கிற பறவை வந்து தின்னும் என்பது வேறு கதை.

"உன்ர அப்பா செத்துப்போனார் எண்டு ஆரடா உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. இனிச் சொல்லவும் மாட்டினம். நாளைக்கு என்ர பிள்ளை அப்பப்பா எங்கை எண்டு கேட்டா நான் என்னம்மா சொல்லுறது?"

"கொண்டுபோனவங்கள் இன்னும் சொல்லேல்லை எண்டு சொல்லு. அதுதானே உண்மை."

அமாவாசையன்று அவன் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கோயிலுக்குப் போனான். யோகா கடைக்குப் போய் மீன் வாங்கிவந்தாள். படையல் சமைக்கவேண்டிய குசினியில், புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு, சிறிதரனுக்குப் பிடித்த பதத்தில் குழம்பு வைத்தாள். அந்தக் குளிரிலும் ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். இந்த வீட்டில் சாவு விழவில்லை என்று தெரு முழுக்க மணக்கட்டும்! ஆனாலும் பசியோடு வரப்போகிற பிள்ளைக்கென்று சோற்றையும் வடித்து மூடிவைத்தாள்.

பின்னேரமாகித்தான் நிதுஷன் வந்தான். சத்தம் போடப்போகிறான் என்று அவள் அகப்பையோடு தயாராக நின்றாள். அவன் கதிரையில் தொப்பென்று இருந்தான்.

"ஐயர் செத்தவரின்ர பேரைக் கேட்டவர். அப்பாவின்ர பேர் வாயில வரேல்லை அம்மா. எழும்பி வந்திட்டன். இவ்வளவு நேரமும் காருக்குள்ளதான் இருந்தனான். சோத்தைப் போடுங்கோ."

நல்ல நடுத்துண்டாகப் பார்த்து அவன் சோற்றில் வைத்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. அந்தப் பெயரை இவனாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. கொண்டுபோனவர்கள் சொல்லவேண்டிய பதிலைப் பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து எதிர்பார்க்கும்படி ஆகிவிட்டதே!

"குழம்பு இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்க வாயெடுத்தவள், கேட்டு முடிக்காமலே மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.