ரோஜாவுக்கு நடுவே பாசிப்பயறு

கோவில்பட்டிக்குள்ளேயே நாங்கள் வாடகை வீடு மாறிக்கொண்டிருந்த காலத்தில், மற்றவர்கள் பீரோவுக்கும் கட்டிலுக்கும் கவலைப்படுவார்கள். நான் ரோஜாத் தொட்டிகளுக்குக் கவலைப்படுவேன். தொட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எல்லாம் காலியான பெயிண்ட் வாளிகள்தான். ஒவ்வொரு வீடு மாறும்போதும் ஆட்டோவில் அவை என் மடியில் உட்கார்ந்து வந்தன. போகிற இடமெல்லாம் மொட்டை மாடி. அந்த வெயிலில் வாளி சுட்டு, வேர் வெந்து, எத்தனையோ செடிகள் என் கண்ணெதிரே கருகிப்போயின. ஆகவே, ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டியபோது எனக்கு அடுப்படியைப் பற்றிக்கூடப் பெரிய கனவு இல்லை. வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கிடந்த துண்டு நிலத்தில்தான் கண். பால் காய்ச்சிய கையோடு ரோஜாக்களை மண்ணில் இறக்கினேன்.

மண் என்றால் அசல் கரிசல். கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தாலோ செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. வாசலைக் கடப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு சேர்ந்துவிடும். முதல் மழைக்காலத்தில் சகதி ஹால் வரை வந்தது. என் வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் மில்லிலிருந்து வந்தவர் கேட்டுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட கையை நீட்டியபடியே தீர்ப்புச் சொன்னார்.

"அடுத்த வருச மழைக்கு மட்டும் பாப்பேன். அப்பவும் இந்தச் சகதி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, கார்த்திகையில கொத்தனாரக் கூப்பிட்டு இங்கன பூராவும் சிமெண்டுத் தளம் போட்டுருவேன். ஒன் ரோசாவத் தூக்கி மறுபடியும் வாளியில வச்சுக்க."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் சண்டை போடாமல் காப்பி போடப் போனேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

வெறும் மண் தெரிந்தால்தானே சகதி? ரோஜாக்களுக்கு நடுவே ஏதாவது செடி வைத்து மண்ணை மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து என் போனில் யூடியூப் ஓடாத நேரம் இல்லை. ரோஜாவுக்குத் துணையாக லாவண்டர் வையுங்கள் என்றாள் ஒருத்தி. அவள் பின்னால் பனிமூட்டம் தெரிந்தது. எங்கள் ஊர்ச் சித்திரையை அவள் ஒரு மத்தியானம் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாள். இன்னொருவர் பூண்டு வைத்தால் பூச்சி அண்டாது என்றார். வைத்தேன். கோடை மழை ஒன்று பெய்து தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பூண்டு அழுகி, தெருவுக்கே நாற்றம். நர்சரியில் கேந்தி என்கிற செண்டுமல்லி நாற்று வாங்கி நட்டேன். அது தின்கிற உரத்தைத் தின்று, ரோஜாவை விட உயரமாய் வளர்ந்து, நிழல் கட்டி, ஆடிக் காற்றில் ரோஜாவின் மேலேயே சாய்ந்து படுத்தது. பிடுங்கி எறிந்துவிட்டு அழுதேன். புரட்டாசி பிறந்துவிட்டது, மண் மறுபடியும் மொட்டையாகக் கிடந்தது.

அப்போதுதான் அது நடந்தது. வீட்டுக்காரர் புதூர்ப் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற மானாவாரிக் குடும்பம். டவுனுக்கு வந்த பிறகு ஒரு செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியவர் இல்லை. "பூச்செடிக்குப் போயி" என்று சிரிப்பார். புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, வடக்கே மேகம் கூடியிருந்தது. சாம்பார் பொடி திரிக்க மல்லி டப்பாவைத் திறந்தேன். காலி. பாசிப்பயறு டப்பாவும் காலி. வாசலுக்கு ஓடிப் பார்த்தால், மனிதர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ரோஜாக்களுக்கு இடையே காய்ந்த புழுதியைக் கிளறி விதைத்துக்கொண்டிருந்தார். நன்றாக முளைக்கட்டும் என்று மல்லியைச் செருப்பால் தேய்த்து இரண்டாய் உடைத்து வேறு வைத்திருந்தார்.

"என்ன பண்ணுதீங்க? சாம்பார் பொடிக்கு வச்சிருந்த மல்லி அது!"

"மேகம் கூடிருக்குட்டி. நெலம் சும்மா கெடக்கு. கை நிக்கல."

"தளம் போடப்போறேன்னு சொன்னீங்க?"

"அது கார்த்திகையிலல்லா. அதுக்கு முன்னால ரெண்டு பயறு பாத்துக்கிடுவோம்."

அவர் சொன்னதில் சூது எதுவும் இல்லை. தளம் போடுகிற எண்ணத்தையும் விடவில்லை, விதைக்கிற எண்ணத்தையும் விடவில்லை. இரண்டும் ஒரே இடம் என்பதை மட்டும் மறந்துவிட்டார். மேகத்தைப் பார்த்துவிட்டால் அந்தப் பக்கத்து ஆண்களுக்கு வேறு எதுவும் ஞாபகத்தில் நிற்காது.

மழை ஏமாற்றவில்லை. பயறு முளைத்து இலை விரித்து மண்ணைப் போர்த்தியது. மல்லி மெல்ல எழுந்து கார்த்திகையில் வெள்ளையாய்ப் பூத்தது. அந்தப் பூவுக்குத் தேனீயும் பொறிவண்டும் வந்தன. வருடா வருடம் ரோஜா மொட்டை மொய்க்கிற அசுவினிப் பூச்சி அந்த முறை அவ்வளவாக இல்லை. சிவப்பு ரோஜாவுக்குக் கீழே அந்த வெள்ளைப் பூவைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது. ஆனால் நடக்கிற இடத்தில் சகதி சகதிதான். ஹாலுக்கும் வந்தது. சொன்னபடியே கொத்தனாரை வரச்சொல்லிவிட்டார்.

அன்று காலையில் நான் காப்பிகூடக் குடிக்கவில்லை. வாளிகளைக் கழுவிச் சுவரோரம் கவிழ்த்திருந்தேன். கொத்தனார் வந்தார், குளத்தூர்க்காரர். அதுவும் புதூர் மாதிரி மானாவாரிப் பக்கம்தான். தெருவில் மணலைக் கொட்டச் சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். பயிர் நிற்கிற நிலத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் செருப்புக் காலோடு இறங்க மாட்டார்கள். வீட்டுக்காரர் ஏற்கெனவே வெறுங்காலோடுதான் நின்றிருந்தார். இரண்டு பேரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் கழற்றினேன்.

கொத்தனார் குனிந்து ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பூவும் காயுமா நிக்கி. இதுல எப்படி மம்பட்டியப் போடுதது?"

தானே விதைத்துத் தானே வெட்டச்சொல்கிறோம் என்பது அப்போதுதான் வீட்டுக்காரருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். காது மடல் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன்.

"மதினி, கேட்டுலருந்து வாசப்படி வரைக்கும் ஒரு நடைபாத மட்டும் போட்டுட்டுப் போறேன்," என்றார் கொத்தனார் என்னைப் பார்த்து. "மத்தத அறுப்பு முடிஞ்சு பாத்துக்கிடலாம்."

நடைபாதை போட்டாயிற்று. அடுத்த தூறலுக்கு ஹாலில் ஒரு சகதித் தடம் இல்லை. இருந்தும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அறுப்பு முடிந்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே.

மார்கழியில் பயறையும், தை பிறந்து மல்லியையும் வீட்டுக்காரர் அறுத்து முடித்தார். ரோஜாக்களுக்கு நடுவே மண் மறுபடியும் வெறுமையாய்க் கிடந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேஸ்திரி மாதிரி கால் எட்டு வைத்து அளக்கிறாரோ என்று ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, ரோசாவுக்கு ஊடால அடுத்து என்ன போடலாம்? தட்டப்பயறு போட்டா நல்லா மூடுமா?"

என் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். ஒரு வருடமாக நெஞ்சில் வைத்திருந்த பாரம் அந்த நிமிடம் இறங்கியது. கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"அப்போ தளம்?" என்றேன்.

"தளமா?" என்றார், நான் ஏதோ பேசக்கூடாததைப் பேசிவிட்ட மாதிரி. "வெள்ளாம வைக்குற எடத்துலயா?"