சாட்சி சொன்ன பிறகு நிறுத்திய மாத்திரை

முதல் முறை இருமல் வந்தபோது பயந்தேன். இரண்டாம் முறை வந்தபோது பயத்தை முந்திக்கொண்டு வெட்கம் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், தலையணை நனைகிற அளவுக்கு வேர்வை. என்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

நீங்களும் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் மதுரையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். வீடு சிம்மக்கல் பக்கம். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துவிடுகிற ஆள். பொறுமையைக் கேட்கிற நோய் என்னைத் தேடி வந்ததுதான் வேடிக்கை.

முதல் முறை, காசநோய் (டி.பி.; நுரையீரலை அரிக்கும் தொற்று) என்று சொல்லி ஆறு மாதத்துக்கு மாத்திரை தந்தார்கள். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். குமட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். எங்கள் சபையார் எல்லோரும் எனக்காக ஜெபித்தார்கள், போனில். வீட்டுக்கு வந்தவர் கிரேஸ் அக்கா ஒருவர்தான்.

அக்கா வண்டியூரில் தையல் மிஷினை வைத்துப் பிழைக்கிறவர். கணவர் இல்லை. தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்.

"ஒட்டிக்கிரும்க்கா, தள்ளி உக்காருங்க."

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுது. அம்புட்டுப் பேரும் தள்ளி நின்னா யாருதான் பக்கத்துல உக்கார்றது?"

இரண்டு மாதம் கழித்து அவரும் இருமினார். அதே நோய். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்திரை ஆரம்பித்ததை அவர் என்னிடம் மட்டும் சொன்னார். வெளியே தெரிந்தால் யார் துணி தைக்கக் கொடுப்பார்கள்?

மூன்றாம் மாதம் என் சளிப் பரிசோதனையில் (இருமி எடுக்கும் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) கிருமி இல்லை என்று வந்தது. எங்கள் சபையில் சுகம் கிடைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வார்கள். கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லோரும் கேட்கச் சொல்வதுதான் சாட்சி. ஆறு மாதம் முடியட்டும் என்றார் என் கணவர் சாமுவேல். நானா காத்திருப்பேன்? அந்த வாரமே எழுந்து, "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் குடுத்துட்டாரு" என்றேன். கோயிலே ஆமென் சொன்னது. மாத்திரை என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை.

மறுநாள் காலை மாத்திரையைக் கையில் எடுத்தபோது கூசியது. பூரண சுகம் என்று சபையில் சொல்லிவிட்டு இதை விழுங்கினால், சொன்னது பொய்யாகிவிடாதா? யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. ஆயர் சொல்லவில்லை, வேதமும் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அதைக் கிரேஸ் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் விசுவாசம் எனக்கும் வேணும்மா. நானும் நிறுத்திர்றேன்." தடுக்க வேண்டிய இடத்தில், "ஸ்தோத்திரம்க்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கவில்லை.

நான்கு மாதத்தில் காய்ச்சல் திரும்பியது. சாமுவேல் என்னை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆறு மாதமும் சாப்பிட்டேன் என்று டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேன். அவர் என் அட்டையைப் பார்த்தார்.

"மூணு மாசந்தான் மாத்திரை வாங்கிருக்கீங்க. ஏம்மா நிறுத்துனீங்க?"

"சாட்சி சொல்லிட்டேன் டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. சாமுவேல் விளக்கினார்.

"சாட்சி சொன்னது தப்பில்லம்மா. மாத்திரையையும் சேத்துச் சொல்லிருக்கலாம்" என்றார் டாக்டர்.

மருந்து எதிர்ப்பு (பாதியில் நிறுத்துவதால் கிருமி மருந்துக்குச் சாகாமல் போவது) வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நல்ல வேளை, இல்லை. மறுபடி முதல் நாளிலிருந்து ஆறு மாதம். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நின்றபடியே கிரேஸ் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, எனக்குத் திரும்ப வந்துருச்சு. நீங்க இன்னைக்கே மாத்திரைய ஆரம்பிங்க."

மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "எனக்கும் சாயங்காலமானா காய்ச்சல்தான். பிசாசு சோதிக்கிறாம்மா. சாட்சி சொன்னவ நீ, அசையக் கூடாது."

"நான் சொன்னது தப்புக்கா."

"சபைக்கு முன்னாடி சொன்னதப் போன்ல மாத்துனா எதத்தான் நம்புறது?"

பதினைந்து நாளாவது ஆட்கள் கூடுகிற இடத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பதினைந்து நாளும் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்த நினைவே இல்லை. தினம் போன் செய்தேன். சாமுவேல் வண்டியூருக்கே போனார். அக்கா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். ஒவ்வொரு நாளும் அவர் குரலில் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. நான் சொன்ன சொல் ஓர் ஆளைக் கொன்றுகொண்டிருக்கிறது, நானோ வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

டாக்டர் சரி என்ற பிறகு வந்த முதல் ஞாயிறு, மாஸ்க் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் அக்கா இருந்தார். ஜாக்கெட் தோளை விட்டு நழுவுகிற அளவுக்கு மெலிந்திருந்தார். சாட்சி நேரத்தில் எழுந்தேன்.

"போன தடவ நான் பாதிதான் சொன்னேன். கர்த்தர் டாக்டரையும் மாத்திரையையும் குடுத்தாரு. நான் அவசரப்பட்டு நிறுத்துனேன். நோய் திரும்பிருச்சு. என் பேச்சக் கேட்டு யாராவது மாத்திரைய நிறுத்திருந்தா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அக்காவின் பெயரை நான் சொல்லவில்லை. யாரும் ஆமென் சொல்லவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது கிரேஸ் அக்கா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நிறுத்துன ஆளு நாந்தான். எனக்கும் டி.பி. தான். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் நகரவில்லை என்று எழுத ஆசை. இரண்டு பேர் நகர்ந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஆயரின் மனைவி எழுந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அக்காவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து அவருக்கும் கேட்டது. ஆனால் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி இனி வேலை செய்யாது என்று எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார்கள்.

எங்கள் மாத்திரைகள் முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. என் உடம்பில் இன்று ஒரு குறையும் இல்லை. ஓடச் சொன்னால் ஓடுவேன். அக்காவுக்குத் தையல் குறைந்துவிட்டது, கொடுக்கிறவர்கள் கொடுக்கிறார்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்மேல கோவமே இல்லையாக்கா?"

"ஏன் இல்ல? நெறய இருக்கு. அதையும் சேத்துத்தான் தெனமும் ஜெபத்துல வைக்கிறேன். இன்னும் போன பாடில்ல."

அந்தப் பதில் எனக்குப் போதும் என்றிருந்தது. கோபம் இல்லை என்று சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் படிகளைச் சேர்ந்து ஏறுகிறோம். மூன்றாவது படியில் அவருக்கு மூச்சு வாங்கும். இடுப்பில் கை வைத்து நிற்பார். உள்ளே பாட்டு ஆரம்பித்திருக்கும். நானும் நிற்பேன். ஒருமுறை, "நீ போம்மா, நான் மெதுவா வாரேன்" என்றார். என் கால்கள் போகத்தான் துடித்தன. போகவில்லை. அவர் அடுத்த படியில் கால் வைத்த பிறகே நான் வைத்தேன்.